டி.என்.ஏ. இரட்டிப்பாதல் கவை: ஒரே படம் போதாது, மூன்றாக வரையுங்கள்

டி.என்.ஏ. இரட்டிப்பாதலில் ஆரம்ப வாசகர்கள் திணறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: தொடர்ச்சியற்ற இழை, அதாவது துண்டு துண்டாக உருவாகிப் பிறகு ஒட்டப்படும் புது இழை. புத்தகங்களில் கவைக்கு (டி.என்.ஏ.வின் இரண்டு இழைகள் பிரியும் இடத்துக்கு) ஒரு படம்தான் இருக்கும். எல்லாத் துண்டுகளும் அதில் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். எது முந்தி வந்தது, எது பிந்தி வந்தது என்று அதைப் பார்த்துச் சொல்லவே முடியாது. அடுத்தடுத்த மூன்று தருணங்களை நம் கையால் வரைந்தால் குழப்பம் போய்விடும். அடினைன் தைமினோடும் குவானைன் சைட்டோசினோடும் சேரும் என்பது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

கோடு போடாத ஏ4 தாள் ஒன்று, கருப்பு, நீலம், சிவப்புப் பேனாக்கள். அவ்வளவுதான். பழைய இழைக்குக் கருப்பு, புது டி.என்.ஏ.வுக்கு நீலம், ஆர்.என்.ஏ. பிரைமருக்கு (புது இழை தொடங்க உதவும் சிறு ஆர்.என்.ஏ. துண்டுக்கு) சிவப்பு. முறுக்கிய ஏணியை வரையாதீர்கள். இந்த வேலைக்கு அது இடைஞ்சல். அனிமேஷன் வீடியோக்களையும் வரைந்து முடித்த பிறகு பாருங்கள். முதலிலேயே பார்த்தால் புரிந்த மாதிரி இருக்கும், தாளை எடுத்தால் கை ஓடாது.

படி 1: பழைய இழைகள்

தாளின் மேல் பகுதியில், இடது பக்கம் இரண்டு கருப்புக் கோடுகள் அருகருகே ஓடட்டும். வலது பக்கம் அவை பிரிந்து மேலும் கீழுமாக விலகட்டும். மேல் கோட்டின் இடது முனையில் 5', வலது முனையில் 3' என்று எழுதுங்கள். கீழ் கோட்டில் இடது 3', வலது 5'. ஓர் இழையின் இரண்டு முனைகளும் ஒரே மாதிரி இல்லை; அவற்றின் பெயர்கள்தான் 5', 3'. இந்த எதிரெதிர்த் திசைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ரோசலிண்ட் பிராங்ளினின் எக்ஸ் கதிர் அளவீடுகளில் இருந்த சமச்சீரிலிருந்துதான் பிரான்சிஸ் கிரிக் இதைப் பிடித்தார். 1953இல் ஜேம்ஸ் வாட்சனும் அவரும் வெளியிட்ட டி.என்.ஏ. அமைப்பு மாதிரி அதன்மேல்தான் நிற்கிறது.

படி 2: ஒரே ஒரு விதி

புது இழையைக் கட்டும் நொதியான டி.என்.ஏ. பாலிமரேஸ், புது நியூக்ளியோட்டைடை (இழையின் ஓர் அலகை) 3' முனையில் மட்டுமே சேர்க்கும். அதுவும் வெறும் இழையில் தானாகத் தொடங்காது. முதலில் ஒரு சிறு பிரைமர் வேண்டும். ஆகவே நீல அம்பின் தலை எப்போதும் 3'.

ஏன் இந்தப் பிடிவாதம்? சேர்வதற்கான ஆற்றலை உள்ளே வரும் நியூக்ளியோட்டைடே மூன்று பாஸ்பேட்டுகளாகச் சுமந்து வருகிறது. தவறாகச் சேர்ந்த ஒன்றை வெட்டி எறிந்தாலும், அடுத்து வருவது தன் ஆற்றலோடு வரும்; வேலை நிற்காது. இழை மறுமுனையில் வளர்ந்தால் அந்த பாஸ்பேட்டுகள் இழையின் நுனியில் இருக்கும். பிழையை வெட்டும்போது அவையும் போய்விடும், இழை அங்கேயே நின்றுவிடும்.

படி 3: மேல் கை

வலது ஓரத்தில் சின்னச் சிவப்பு, அங்கிருந்து கவை வரை இடது நோக்கி ஒரே நீல அம்பு. முடிந்தது.

படி 4: கீழ் கை (இங்கேதான் நிதானம் வேண்டும்)

முதல் படம்: கவைக்குப் பக்கத்தில் சிவப்பு வைத்து, அங்கிருந்து வலது நோக்கி நீல அம்பு போடுங்கள். கவையை விட்டு விலகிப் போகிறதே என்று தயங்க வேண்டாம்; விதிப்படி அதுதான் திசை. அதற்கு 1 என்று பெயரிடுங்கள்.

அதன் கீழே இரண்டாவது படம். ஹெலிகேஸ் என்ற நொதி இழைகளைப் பிரித்துக்கொண்டே போவதால் கவை இப்போது இரண்டு விரற்கடை இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது. மேல் கையின் நீலத்தை நீட்டினால் போதும். கீழ் கையிலோ கவைக்கும் 1க்கும் நடுவே வெறும் கருப்பு தெரிகிறது. கவைக்குப் பக்கத்தில் புதிதாகச் சிவப்பு வைத்து, 1இன் சிவப்பைத் தொடும்வரை நீலம். இது 2.

மூன்றாவது படத்திலும் அப்படியே 3. இப்போது கவையிலிருந்து படியுங்கள்: 3, 2, 1 என்று வர வேண்டும். 1, 2, 3 என்று வந்தால் திசை தலைகீழாகிவிட்டது.

படி 5: ஒட்டுவது

சிவப்புகளை அடித்துவிட்டு நீலத்தால் நிரப்புங்கள். பாக்டீரியாவில் இதைச் செய்வது டி.என்.ஏ. பாலிமரேஸ் 1. மிஞ்சும் வெட்டுகளை லைகேஸ் என்ற நொதி இணைக்கும். 2இன் தலை 1இன் வாலோடு, அதாவது புதியதன் 3' பழையதன் 5' உடன் சேர்கிறது.

இந்தத் துண்டுகளைக் கண்டறிந்தவர்கள் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெய்ஜி ஒகசாகி, சுனேகோ ஒகசாகி தம்பதி. பாக்டீரியாக்களுக்குக் கதிரியக்கத் தைமிடினை (புது டி.என்.ஏ.வில் சேரும் பொருளை) சில நொடிகள் மட்டும் கொடுத்து நிறுத்திப் பார்த்தார்கள்: குட்டிக் குட்டித் துண்டுகள். கூடுதல் நேரம் விட்டபோது அதே கதிரியக்கம் நீள இழைகளுக்குள் போயிருந்தது. 1968இல் வெளிவந்த அந்த வேலையின் அழகே நொடிகளைப் பிரித்துப் பார்த்ததில்தான் இருக்கிறது. அந்தத் துண்டுகள் பாக்டீரியாவில் சுமார் 1000 முதல் 2000 நியூக்ளியோட்டைடு நீளம்; நம் செல்களில் 100 முதல் 200தான். ஹிரோஷிமாவில் பிறந்த ரெய்ஜி, 1975இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். அணுகுண்டு விழுந்தபோது அவர் பள்ளி மாணவர்.

பிற்சேர்க்கை: "எங்கள் புத்தகத்தில் தொடர்ச்சியான இழை கீழே இருக்கிறதே?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். முனை எண்களை மாற்றிப் போட்டிருப்பார்கள், அல்லது கவை வேறு திசையில் நகரும். கையின் இடத்தை மனப்பாடம் செய்யாதீர்கள், 3' எங்கே என்று தேடுங்கள்.

இன்னொருவர் இரட்டிப்பாதல் குமிழில், அதாவது இழைகள் நடுவில் பிரிந்து திறந்திருக்கும் பகுதியில், மாட்டிக்கொண்டார். குமிழுக்கு இரண்டு கவைகள். ஈ. கோலை பாக்டீரியாவில் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து இரண்டும் எதிரெதிராக ஓடி, ஒவ்வொன்றும் நொடிக்குச் சுமார் 1000 கார இணைகளை (அடினைன்-தைமின் போன்ற ஜோடிகளை) கடக்கும். 46 லட்சம் கார இணைகளும் சுமார் 40 நிமிடத்தில் முடியும். நம் படத்தின் வலது பக்கம், வலது நோக்கி நகரும் இன்னொரு கவையைச் சேர்த்து இதே விதிப்படி வரையுங்கள். துண்டுகள் கீழ் கோட்டின் இடது பாதியிலும் மேல் கோட்டின் வலது பாதியிலும் விழுந்திருந்தால் படம் சரி.