மகளிரியல், பாலினவியல் பாடங்களைப் பல்கலைக்கழகத்தில் தேடிக் கண்டடைவது எப்படி?

மகளிரியல் படிக்க விரும்பும் மாணவர் பெரும்பாலும் அந்தப் பெயரில் ஒரு துறை இருக்கிறதா என்று பார்க்கிறார். இல்லையென்றால் தேடலை அத்துடன் கைவிட்டுவிடுகிறார். இது பெரிய இழப்பு. அமெரிக்காவின் சான் டியேகோவில் 1970-இலும், மும்பையின் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் 1974-இலும் வேரூன்றிய இத்துறை, இன்று சில இடங்களில் தனித் துறையாகவும், சில இடங்களில் ஆய்வு மையமாகவும், இன்னும் பல இடங்களில் வெவ்வேறு துறை ஆசிரியர்கள் கூடி நடத்தும் பாடத்திட்டமாகவும் இயங்குகிறது. ஆகவே துறையின் பெயரைத் தேடுவதைவிட, உங்கள் மனத்தில் இருக்கும் கேள்வியை முன்வைத்துத் தேடுவதே பலன் தரும்.

முதலில் பல்கலைக்கழகத்தின் முழுப் பாடப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். 'பெண்', 'பாலினம்' ஆகிய சொற்களோடு நிற்காமல் குடும்பம், உழைப்பு, உடல், ஆண்மை, சொத்துரிமை, பராமரிப்புப் பணி போன்ற சொற்களையும் இட்டு, தலைப்புகளில் மட்டுமன்றிப் பாட விளக்கங்களிலும் தேட வேண்டும். பாலினம், இனம் போன்ற பாகுபாடுகள் ஒன்றோடொன்று பின்னி ஒருவரைப் பாதிக்கின்றன என்னும் 'குறுக்குவெட்டுத்தன்மை' என்ற கருத்தை 1989-இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா முன்வைத்தது ஒரு சட்டக் கட்டுரையில்தான். உழைப்புச் சந்தையில் பெண்களின் நிலையை ஆராய்ந்ததற்காக 2023-இல் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் பொருளாதாரப் பேராசிரியர். எனவே சட்டம், பொருளாதாரம், வரலாறு, பொதுச் சுகாதாரம், இலக்கியம் ஆகிய துறைகளின் பட்டியல்களைப் பார்க்காமல் விடுவது சரியன்று.

பட்டியலில் ஒரு பாடம் இருப்பதாலேயே அது இந்தப் பருவத்தில் நடக்கிறது என்று பொருளாகாது. கால அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே வகுப்பு இரண்டு துறைகளின் குறியீட்டு எண்களில் பதிவாகியிருப்பதும் உண்டு. அப்போது ஓர் எண்ணில் இடம் நிரம்பியிருந்தாலும் மற்றதில் இடம் இருக்கலாம். ஆனால் உங்கள் பட்டத்துக்கு எந்த எண் கணக்கில் சேரும் என்பதைத் துறை அலுவலகத்திடம் எழுத்து வடிவில் கேட்டுப் பெற்றுக்கொள்வது நல்லது.

பதிவு செய்வதற்கு முன் பாடத்திட்டத்தை வாரவாரியாகப் படித்துப் பாருங்கள். சில பாடங்களில் தலைப்பில் 'பாலினம்' என்றிருந்தும் ஒரே ஒரு வாரம் மட்டுமே அதற்கு ஒதுக்கியிருப்பார்கள். மாறாக, 'வேளாண்மைச் சமூகங்கள்' என்ற எளிய தலைப்பின் கீழ் நில உரிமை, கூலி, வீட்டு வேலை என மூன்று நான்கு வாரங்கள் பெண்களின் வாழ்வையே பேசும் பாடமும் இருக்கக்கூடும். வாசிப்புப் பட்டியலில் யாருடைய எழுத்துகள் இருக்கின்றன, இறுதிக் கட்டுரைக்கான தலைப்பை நீங்களே தேர்ந்தெடுக்க முடியுமா என்பவற்றையும் கவனியுங்கள். தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தால், பொதுவான ஒரு பாடத்தைக்கூட உங்கள் கேள்வியை நோக்கித் திருப்பிவிடலாம்.

நூலகத்திலும் இதே சிதறல்தான். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் ட்யூயி தசம முறையைப் பின்பற்றும் நூலகத்தில் பெண்களைப் பற்றிய பொதுவான நூல்கள் 305.4 என்ற எண்ணில் இருக்கும். பெண் தொழிலாளர் பற்றியவை 331.4-இலும், பெண்களின் வாக்குரிமை பற்றியவை 324.623-இலும் இருக்கும். ஒரே அலமாரியின் முன் நின்று 'நூல்கள் குறைவு' என்று முடிவு செய்பவர், அடுத்த வரிசைகளில் இருப்பவற்றைக் காணாமலே திரும்பிவிடுகிறார். பொருத்தமான நூல் ஒன்று கிடைத்தவுடன், நூலக இணையப் பட்டியலில் அதன் பதிவைத் திறந்து, அதற்கு இடப்பட்டுள்ள பொருள் தலைப்புகளை (நூல் எதைப் பற்றியது என்று குறிக்கும் சொற்களை) சொடுக்குங்கள். அதே பொருளில் வேறு எண்களில் இருக்கும் நூல்கள் ஒன்றாகத் திரண்டு வரும். பழைய பொருள் தலைப்புகளில் இன்று வழக்கொழிந்த சொற்களும் இருக்கும் என்பதால் அவற்றையும் இட்டுத் தேடுவது அவசியம்.

நூலகங்களில் பாடத்துக்கெனத் தனி நூலகர் இருந்தால் அவரைத் தயங்காமல் அணுகுங்கள். அவர் தயாரித்த ஆய்வு வழிகாட்டிப் பக்கம் பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும். 'ஃபெமினிஸ்ட் ஸ்டடீஸ்' (1972 முதல்), 'ஜென்டர் அண்ட் சொசைட்டி' (1987 முதல்) போன்ற ஆய்விதழ்களுக்கு நூலகம் சந்தா செலுத்துகிறதா என்று கேளுங்கள். இல்லாதவற்றை நூலகங்களுக்கு இடையிலான இரவல் மூலம் பெறலாம். கடிதம், நாட்குறிப்பு, துண்டறிக்கை போன்ற மூல ஆவணங்கள் வேண்டுமென்றால், ஹார்வர்டின் ஷ்லெசிங்கர் நூலகமும் லண்டன் பொருளாதாரப் பள்ளியின் மகளிர் நூலகமும் தங்கள் சேகரிப்பின் ஒரு பகுதியை இணையத்தில் திறந்து வைத்துள்ளன.

இவ்வளவு தேடியும் உங்கள் கேள்விக்கு ஏற்ற பாடம் அமையாவிட்டால், அந்தப் பொருளில் கட்டுரை எழுதியுள்ள ஆசிரியர் ஒருவரைக் கண்டறிந்து, அவருடைய வழிகாட்டுதலில் தனிப் பாடமாக எடுத்துப் படிக்க இயலுமா என்று எழுதிக் கேளுங்கள். கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: உங்கள் கேள்வி இரண்டு வரி, இதுவரை படித்தவை மூன்று நான்கு, எந்தப் பருவத்தில் எத்தனை கிரெடிட்டுக்குப் படிக்க விரும்புகிறீர்கள் என்ற விவரம். பதிவுக்கான கடைசித் தேதிக்குச் சில வாரங்களுக்கு முன்பே இதை அனுப்பிவிடுங்கள்; துறைத் தலைவரின் ஒப்புதல் பெற வேண்டிய இடங்களில் அதற்குத் தனியாக நாள் பிடிக்கும்.