மழையில் இறுகும் கதவை உடனே இழைக்க வேண்டாம்

ஐப்பசி மழையில் மரக்கதவு நிலையில் உரசி இறுகினால், இழைப்புளி வைக்க ஆசாரியைக் கூப்பிடும் முன் ஒரு மெழுகுவர்த்தியை எடுங்கள். கதவு விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்து ஒருமுறை மூடித் திறந்தால், சாக்பீஸ் அழிந்த இடம்தான் உரசும் இடம். அங்கே மட்டும் மெழுகை அழுத்தித் தேயுங்கள்.

ஈரக்காற்றை உறிஞ்சி மரம் அகலவாட்டில் உப்புகிறது, அவ்வளவுதான். இப்போது இழைத்துவிட்டால், பங்குனி வெயிலில் மரம் சுருங்கியதும் பல்லி நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். மழை முடிந்து மரம் நன்றாகக் காய்ந்த பிறகு, கதவின் மேல் விளிம்பிலும் அடி விளிம்பிலும் பெயிண்டோ வார்னிஷோ அடித்துவிடுங்கள். கண்ணில் படாத அந்த இரண்டு விளிம்புகளைத்தான் பெரும்பாலும் பூசாமல் விட்டுவிடுகிறார்கள். ஈரம் ஏறுவதும் அந்த வழியாகத்தான்.

கோடையிலும் கதவு உரசுகிறதா? அப்படியானால் கீல் திருகு தளர்ந்து கதவு தொங்கியிருக்கும், முதலில் அதை முறுக்கிப் பாருங்கள். தண்ணீர் பட்டு அடிப்பக்கம் ஊறி மெத்தென்று ஆகிவிட்ட பாத்ரூம் கதவுக்கு மெழுகும் உதவாது, இழைப்பும் உதவாது.