அப்பாவுக்கு நினைவு மலர்: முதன்முதலாகத் தொகுப்பவர்களுக்கு

யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பது வழக்கம். கல்வெட்டு என்போம், நினைவு மலர் என்றும் சொல்வோம். செத்தவீட்டு அலைச்சல் ஓய்ந்து, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்த பிறகுதான் "கல்வெட்டை ஆர் பார்க்கிறது?" என்ற கேள்வி வரும். தமிழ் கொஞ்சம் எழுதத் தெரிந்த பிள்ளையின் தலையில் அது விழும். அந்தப் பிள்ளை நீங்கள் என்றால், கையில் மூன்று கிழமை இருக்கிறது. போதும்.

படி 1: முதலில் அச்சகம்

ஒரு வரி எழுதுமுன் அச்சகத்தோடு பேசி, கடைசித் தேதியைக் கேட்டு வையுங்கள். நடுவில் கம்பி அடிக்கிற ஏ5 புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 32 பக்கம் தாராளம். எந்த எழுத்துருவில் வேலை செய்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். நீங்கள் கைத்தொலைபேசியில் தட்டுவது யூனிகோட். அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துரு இருந்தால் மாற்றும்போது சில எழுத்துகள் உடையும். கிரந்த எழுத்து வருகிற பெயர்களைப் பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

படி 2: திதி

அடுத்த வருடம் திவசத்துக்கு நாள் பார்க்கிறபோது எல்லோரும் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான். வருடத்தின் பெயர், மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), திதி என்ன என்ற நான்கும் வேண்டும். 2026 சித்திரைப் புத்தாண்டிலிருந்து பராபவ வருடம், அதற்கு முந்தியது விசுவாவசு. வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணிதமும் சில நாட்களில் ஒத்துப்போகாது. உங்கள் குடும்பம் எதைப் பார்க்கிறதோ அதையே பாருங்கள்.

அப்பா வெளிநாட்டில் காலமாகியிருந்தால் நேரத்தை இலங்கை நேரத்துக்கு மாற்றிவிட்டுத்தான் ஊர்ப் பஞ்சாங்கத்தைத் திறக்க வேண்டும். ரொறன்ரோவில் யூலை மாதம் மாலை 6 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் மறுநாள் அதிகாலை 3.30. எதற்கும் ஐயரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இந்த விபரத்தை வைத்து எழுதுவதுதான் திதி வெண்பா. நாலு அடி, ஈற்றடியில் மூன்றே சீர், முடிவு நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்று. ஊரில் வெண்பா கட்டத் தெரிந்த ஒரு வாத்தியார் இன்னமும் இருப்பார், கேட்டுப் பாருங்கள். ஆள் கிடைக்காவிட்டால் திதியை வசனத்தில் போடுங்கள். தளை தட்டுகிற வெண்பாவை விட அது எவ்வளவோ மேல்.

படி 3: ஆண்டுகளைப் பிடித்தல்

"எந்த வருசம் வீடு கட்டினது?" என்று அம்மாவிடம் கேட்டால் தெரியாது என்பார். "1995 இடப்பெயர்வுக்கு முந்தியோ பிந்தியோ?" என்று கேளுங்கள், உடனே வரும். ஊருக்கே தெரிந்த நாட்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 1981 யாழ் நூலக எரிப்பு, 1983 யூலைக் கலவரம், 1987 இந்திய இராணுவம் வந்தது, 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வு, 2004 சுனாமி, 2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயில் திரும்பி வந்தது. அப்பாவின் வேலை, கலியாணம், பிள்ளைகள், காணி எல்லாவற்றையும் இவற்றுக்கு நடுவே பொருத்தலாம்.

படி 4: படங்கள்

இடம்பெயர்ந்த வீடுகளில் அல்பம் மிஞ்சியிருக்காது. ஆனால் கலியாணப் படத்தின் ஒரு பிரதி கடிதத்தோடு லண்டனுக்கோ ஜேர்மனிக்கோ போயிருக்கும். மாமி, சித்தப்பா எல்லோரிடமும் கேளுங்கள். பழைய படத்தை யன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். கிடைப்பது அடையாள அட்டை அளவுச் சின்னப் படம் மட்டும் என்றால் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்ய வேண்டும்.

படி 5: வாழ்க்கை வரலாறு

மரண அறிவித்தலில் இருந்த "அன்புக் கணவரும், பாசமிகு தந்தையும்" என்ற வரியை நீட்டி மூன்று பக்கம் ஆக்குவதுதான் வழமையாக நடக்கிறது. பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும் வரலாறு அது. நல்ல கணவர், நல்ல தகப்பன் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். அவர் செய்ததை எழுதுங்கள், வாசிக்கிறவர் சொல்லிக்கொள்வார்.

வீட்டாரிடம் கேட்க வேண்டியது சின்னச் சின்ன விஷயங்கள். காலையில் எழும்பியதும் முதல் வேலை என்ன? சம்பளக் காசை எங்கே வைப்பார்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வார்? யாரோடு கதை இல்லாமல் இருந்தார்?

என் அப்பாவின் மலருக்கு நான் எழுதிய பகுதி ஒன்று:

"காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றதோடு அப்பாவின் வேலையும் போனது. அடுத்த மாதமே சைக்கிளில் விறகு கட்டி விற்கத் தொடங்கினார். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து விளக்குச் செய்வார். சோதனைக்குப் படிக்கும் அக்காவுக்கு அதைக் கொடுத்துவிட்டு, அம்மாவும் அவரும் திண்ணையில் இருட்டில் இருந்து கதைப்பார்கள். திரி கருகினால் அக்கா கூப்பிடுமுன்னரே எழும்பி வருவார்."

இதில் 'பாசம்' என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை, கவனித்தீர்களா?

முன்கோபக்காரர் என்றால் அதையும் ஒரு வரியில் எழுதுங்கள். பெரியப்பா கொஞ்சம் முகம் சுளிப்பார். ஆனால் ஊரார் மற்றதையெல்லாம் நம்புவது அந்த வரியால்தான்.

படி 6: அம்மாவின் பக்கம்

'மனைவி புலம்பல்' என்று ஆயத்தப் பாட்டுப் போடுவது பழைய முறை. அதை விட, அம்மா கதைப்பதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து அப்படியே எழுதலாம். கமராவை நீட்டி உட்கார வைத்துக் கேட்டால் "என்னத்தைச் சொல்ல" என்பதோடு முடிந்துவிடும். மரக்கறி வெட்டும்போது பக்கத்தில் இருந்து கதை கொடுங்கள். "விடிய தேத்தண்ணி போட்டு என்ர தலைமாட்டில வைச்சிட்டுத்தான் எழுப்புவார், சீனி எப்பவும் கூடத்தான்" என்று அம்மா சொன்னால், பேச்சு வழக்கைத் திருத்தாமல் போடுங்கள். அச்சேற்றுமுன் அவருக்கு வாசித்துக் காட்டிச் சம்மதம் கேட்க வேண்டும்.

படி 7: மற்றப் பக்கங்கள்

தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்ற ஒழுங்கில் பஞ்சபுராணம், பிறகு சிவபுராணம். அச்சகத்தில் தட்டச்சாகவே இருக்கும். கடைசிப் பக்கம் நன்றி நவிலல். வம்சாவளிக்குத்தான் பொறுமை வேண்டும். கோபத்தில் இருக்கிற குடும்பத்தையும் விடாமல் சேருங்கள். யாருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' வரும் என்பதை இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். உயிரோடு இருப்பவருக்கு அது விழுந்தால் அந்த மலரைப் பற்றி வேறு எதையும் யாரும் பேச மாட்டார்கள்.

படி 8: பிழை பார்த்தலும் பிறகும்

அச்சுப் பிரதியை ஒருவர் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் மூலத்தைப் பார்க்கட்டும். அப்புறம் அச்சகத்திடம் பிடிஎஃப் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் இயங்கும் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறது. அங்கே அனுப்புவதாக இருந்தால் தொலைபேசி இலக்கங்களையும் பேரப்பிள்ளைகளின் பிறந்த தேதிகளையும் எடுத்துவிட்டு ஒரு தனிப் பிரதி செய்து அனுப்புங்கள்.