லெமன் எசென்ஷியல் ஆயில்: எதற்கு, எவ்வளவு, எப்போது கூடாது

முதலில் லேபிளைப் படியுங்கள். தாவரப் பெயர் 'சிட்ரஸ் லிமோன்' என்று இருக்க வேண்டும். நம் ஊர் சிறிய எலுமிச்சை வேறு இனம். அதன் தோல் எண்ணெய்க்கு அளவும் வேறு. லெமன்கிராஸ் ஆயில் புல்லிலிருந்து வருவது, இதற்குச் சம்பந்தமே இல்லை. 'ஃப்ராக்ரன்ஸ் ஆயில்' என்று போட்டிருந்தால் அது வெறும் வாசனைக் கலவை.

அடுத்து, எடுத்த முறையைப் பாருங்கள். 'கோல்டு பிரஸ்டு' என்றால் பழத்தோலை நசுக்கிப் பிழிந்தது. 'ஸ்டீம் டிஸ்டில்டு' என்றால் ஆவியில் வடித்தது. கடையில் கிடைப்பதில் பெரும்பாலானது முதல் வகைதான். இந்த வித்தியாசம் உடம்பில் தடவும்போது ரொம்ப முக்கியம்.

ஸ்டிக்கர் பசை எடுக்க

இந்த எண்ணெய் அதிகம் கைகொடுப்பது இங்கேதான். புது எவர்சில்வர் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டை முடிந்தவரை உரித்துவிட்டு, மிச்சப் பசைமேல் 2 அல்லது 3 சொட்டு விட்டு 5 நிமிடம் விடுங்கள். பசை குழைந்து வரும். பழைய துணியால் துடைத்து, பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு வாசனை போகும்வரை தேயுங்கள்.

பசையைக் கரைப்பது எண்ணெயில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இருக்கும் லிமோனீன். ஒரு துண்டு தெர்மாகோலில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், அந்த இடம் அப்படியே உள்வாங்கிக் குழியாகிவிடும். அதனால் பிளாஸ்டிக் டப்பா, பெயின்ட் அடித்த மரம், மொபைல் கவர் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

தரை துடைக்க

தண்ணீரில் நேரடியாக விட்டால் மேலே மிதக்கும். ஒரு ஸ்பூன் லிக்விட் சோப்பில் 10 சொட்டு கலந்து, பிறகு அரை வாளித் தண்ணீரில் ஊற்றுங்கள்.

டிஃப்யூசரில் (வாசனையை அறையில் பரப்பும் கருவி)

100 மில்லி தண்ணீருக்கு 3 முதல் 5 சொட்டு, அரை மணி நேரம், ஜன்னல் திறந்தபடி. அதற்கு மேல் தலைவலிதான் மிச்சம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்களோ கைக்குழந்தையோ பூனையோ இருந்தால் வேண்டாம். பூனையின் கல்லீரலால் இந்தப் பொருட்களைச் சரியாக வெளியேற்ற முடியாது.

சருமத்தில் தடவ

1. 30 மில்லி தேங்காய் எண்ணெயில் 6 சொட்டு கலக்குங்கள். இது ஏறக்குறைய 1 சதவீதம்.
2. முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுங்கள். அரிப்பு, சிவப்பு இருந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள்.
3. பிழிந்த எண்ணெய் என்றால் 12 சொட்டைத் தாண்டாதீர்கள், அதாவது 2 சதவீதம்.

இந்த வரம்புக்குக் காரணம் வெயில். பிழிந்த எண்ணெயில் இருக்கும் ஃபுரானோகூமரின்கள் புற ஊதாக் கதிர் பட்டதும் தோலைச் சுடும். சிவந்து, கொப்புளம் கண்டு, ஆறிய பிறகும் கறுப்புத் தழும்பு பல மாதம் நிற்கும். அளவு மீறிப் பட்டுவிட்டால் 12 மணி நேரம் அந்த இடத்தில் வெயில் படக்கூடாது. ஆவியில் வடித்த எண்ணெயில் இந்தத் தொல்லை இல்லை. முகம் வெளுக்கும் என்று நம்பி எண்ணெயை அப்படியே பூசும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கறுப்புத் திட்டு வாங்குவதற்கு அதுவே நேர்வழி.

பாட்டிலை வைக்கும் இடம்

நிறக் கண்ணாடி பாட்டில், இறுக்கமான மூடி, ஃப்ரிட்ஜ். திறந்த தேதியை மேலே எழுதி ஒட்டுங்கள். காற்றுப் பட்டால் லிமோனீன் ஆக்சிஜனேற்றம் அடையும். அப்படிப் பழசான எண்ணெய்தான் ஒவ்வாமையை அதிகம் கிளப்பும். ஓராண்டு ஆனதையும், வாசனை மாறியதையும் தரைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தோலுக்கு வேண்டாம். எளிதில் தீப்பிடிக்கும், அடுப்புக்கும் விளக்குக்கும் தள்ளியே இருக்கட்டும்.

தவறு நடந்துவிட்டால்

தோலில் நேரடியாகக் கொட்டினால் முதலில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, பிறகு சோப்பால் கழுவுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் அலசிவிட்டு டாக்டரிடம் போங்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து அதிகம். உடனே 108-ஐ அழையுங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.