நமக்கு நாமே திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் முன்

பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்டவோ ஊர்க் குளத்தைச் சீரமைக்கவோ விரும்பும் கிராமத்தினர், ஊராட்சி நிதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் 1997-98இல் தொடங்கி, 2011-12 முதல் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021-22இல் பழைய பெயருக்கே திரும்பிய நமக்கு நாமே திட்டத்தின்கீழ், ஊரகப் பகுதிகளில் மதிப்பீட்டுத் தொகையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால், மீதியை அரசு ஏற்கும். 6 லட்சம் ரூபாய்ப் பணிக்கு 2 லட்சம் ரூபாயை ஊரார் திரட்டினால் போதும்.

பலர் முதலில் வசூலைத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த வரிசை தவறு என்பது என் கருத்து. கொத்தனார் வாய்மொழியாகச் சொல்லும் தொகைக்கும் ஒன்றியப் பொறியாளர் தயாரிக்கும் மதிப்பீட்டுக்கும் பெரும் வேறுபாடு இருக்கக்கூடும் என்பதால், மதிப்பீடு கைக்கு வந்த பிறகே நன்கொடை கேட்பது நல்லது. அதற்கும் முன்பாக, இடம் எந்தப் புல எண்ணில் உள்ளது, அது புறம்போக்கா, பள்ளிக்கு உரியதா, தனியார் பட்டாவா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். தனியார் நிலத்தில் பொதுப் பணிக்கு ஒப்புதல் கிடைப்பது அரிது.

மாவட்ட ஆட்சியருக்கு எழுதும் விண்ணப்பத்தில் பணியின் தேவை, பயனடையும் குடும்பங்கள், பராமரிப்புப் பொறுப்பு ஆகியவற்றை ஒரே பக்கத்தில் சொல்லிவிடலாம் (புகழுரைகளுக்கு அங்கே இடமில்லை). பங்களிப்பு பாதியை எட்டுமானால், பணியை ஊராரே எடுத்துச் செய்ய அனுமதி உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். விண்ணப்பத்தின் நகலில் தேதியுடன் முத்திரையிட்ட ஒப்புகை பெறத் தவறாதீர்கள்.