குடில், நட்சத்திரம், கேரல்: பிள்ளைகளோடு செய்யும்போது எங்கே தவறுகிறோம்?

கிறிஸ்துமஸுக்கு என்ன செய்யலாம் என்று பேசும் நவம்பர் மாதப் பங்குக் கூட்டத்தில், அதாவது கோவிலைச் சேர்ந்தவர்களின் கூட்டத்தில், எல்லாரும் உற்சாகமாகத் தலையாட்டுவார்கள். மூங்கில் நட்சத்திரம் கட்டலாம், இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் பெரிய குடில் போடலாம், நாடகம் நடத்தலாம், அன்பியம் அன்பியமாக (அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் குழுதான் அன்பியம்) வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் போகலாம். ஆனால் வேலை தொடங்குவது டிசம்பர் 15-க்கு மேல்தான். சரியாக அந்த நேரத்தில் அரையாண்டுத் தேர்வு வந்து நிற்கும். பிள்ளைகள் வரமாட்டார்கள், வந்தாலும் ஆறு மணிக்கு அம்மா வந்து கூட்டிப்போய்விடுவார். மிச்ச வேலையை நாலைந்து இளைஞர்கள் ராத்திரி முழுக்கக் கண்விழித்து முடிப்பார்கள். 24-ஆம் தேதி இரவுப் பூசைக்கு வரும் பிள்ளைகள் குடிலைப் பார்ப்பார்கள், கை தட்டுவார்கள். அதில் அவர்கள் செய்தது என்று ஒன்றும் இருக்காது.

பன்னிரண்டு வருடமாக மறைக்கல்விப் பிள்ளைகளோடும் இளையோர் குழுவோடும் இந்த வேலைகளைச் செய்துவருகிறேன். பார்த்த தவறுகளில் பாதி கைவேலை சம்பந்தப்பட்டவை. மீதி எல்லாம், இது யாருக்காக என்பதை நடுவில் மறந்துவிடுவதால் வருபவை.

முதலில் தேதியைச் சரிசெய்துகொள்ளுங்கள். கிறிஸ்துமஸுக்கு முன் வரும் தயாரிப்புக் காலமான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் வரும். அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் நட்சத்திரத்துக்கு. மூன்றாவது ஞாயிறு குடிலுக்கு விதை போட ஒரு அரை மணி நேரம் போதும். தேர்வு நாட்களில் யாரையும் கூப்பிட வேண்டாம். குடில் வேலையைத் தேர்வு முடிந்த மறுநாள் ஆரம்பித்தால் எல்லாப் பிள்ளைகளும் இருப்பார்கள்.

நட்சத்திரம்

மூங்கில் நட்சத்திரத்தில் எல்லாரும் செய்யும் தவறு, கண்ணளவில் கட்டுவது. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்று நொண்டி நட்சத்திரம்தான் வரும். பிறகு ஒரு பெரியவர் பொறுமை இழந்து, “கொண்டா இங்கே” என்று வாங்கித் தானே கட்டிவிடுவார். அளவு சொல்லிக்கொடுத்துவிட்டால் அதற்கு அவசியமே இல்லை.

60 செ.மீ. நீளத்தில் ஒரே கனமுள்ள 10 மூங்கில் குச்சிகள், 12 செ.மீ. நீளத்தில் 5 குச்சிகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நீளக் குச்சியிலும் இரண்டு முனையிலிருந்தும் 23 செ.மீ. தள்ளிப் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். நடுவில் 14 செ.மீ. மிஞ்சும். பென்சிலை எடுக்காமல் நட்சத்திரம் வரைவார்களே, அதே மாதிரி ஐந்து குச்சிகளைத் தரையில் வைத்து, கோடும் கோடும் சந்திக்கும்படி நகர்த்தினால் நட்சத்திரம் தானாகச் சரியாகிவிடும். முனைகளை நூலால் கட்டி, குறுக்கே சந்திக்கும் இடங்களையும் கட்டலாம். இதே போல இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். அப்புறம் உள்ளே இருக்கும் ஐந்து சந்திப்புகளிலும் 12 செ.மீ. குச்சியை நெட்டுக்குத்தாக நுழைத்தால் தட்டையாகக் கிடந்தது புடைத்துக்கொண்டு எழும். அந்த நொடியில் பத்து வயதுப் பையன்கள் போடும் சத்தத்தைக் கேட்க வேண்டும். அதை அவர்களிடமிருந்து பறித்துவிட்டுக் கடையில் பிளாஸ்டிக் நட்சத்திரம் வாங்கித் தொங்கவிடுவது எனக்கு ஒப்பவே ஒப்பாது. ஜெர்மனியின் நீஸ்கி என்ற ஊரில் 1830-களில் மொராவியன் சபைப் பள்ளி ஒன்றில், வடிவியல் பயிற்சியாகத்தான் காகித நட்சத்திரம் செய்யத் தொடங்கினார்கள். இன்று உலகம் முழுக்கத் தொங்கும் பலமுனை நட்சத்திரம் அங்கிருந்து வந்தது. பிள்ளைகளால் முடியாது என்று நாம் நினைப்பதற்குக் காரணமே இல்லை.

குச்சி சீவும் வேலை மட்டும் பெரியவர்களுடையது. சீவியதும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுக் கொடுங்கள். மூங்கில் சிலாம்பு நகக்கண்ணில் ஏறினால் அந்தப் பிள்ளை அன்றைக்கு அப்புறம் குச்சியைத் தொடாது.

பசைக்கு வருவோம். மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டுதான் அடுப்பில் வைத்துக் கிண்ட வேண்டும்; கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டிகட்டியாகிவிடும். போஸ்டர் ஒட்டுபவர்கள் பூச்சி, எலி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அதைப் பார்த்துப் பழகிய சிலர் பிள்ளைகளின் பசையிலும் ஒரு துண்டு போட்டுவிடுகிறார்கள். துத்தம் விஷம். ஏழு வயதுப் பிள்ளை பசைக் கையோடுதான் முறுக்கு தின்னும். ஒரு நாள் வேலைக்கு ஒரு நாள் பசை காய்ச்சினால் துத்தத்துக்குத் தேவையே இல்லை.

காற்றாடித் தாளை ஒட்டும்போது விறைப்பாக இழுத்து ஒட்டாதீர்கள். பசை ஈரத்தில் தாள் தொய்ந்துதான் தெரியும். காயும்போது தானே இறுகும். ஈரத்திலேயே இழுத்து ஒட்டியது காய்ந்ததும் கிழியும். வெயிலில் வைக்காமல் நிழலில் காயவிடுங்கள். தொங்கவிடும் கயிற்றைத் தாள் ஒட்டுவதற்கு முன்பே கட்டிவிட வேண்டும். பின்பக்கம் ஒரு முக்கோணத்தை ஒட்டாமல் விட வேண்டும். இல்லாவிட்டால் பல்பு மாட்ட அழகான தாளைக் கிழிக்க வேண்டிவரும், அதை ஒட்டிய பிள்ளை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

பல்பு என்றால் எல்.இ.டி. மட்டும். 60 வாட் குண்டு பல்பு தாளைக் கருக்கிப் பற்றவைத்துவிடும். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். பிளக் இல்லாத ஒயரைச் சாக்கெட்டில் நுழைத்துத் தீக்குச்சி செருகும் பழக்கம் இன்னும் போகவில்லை. டிசம்பர் நமக்கு மழைக்காலம். ஈரத் தரை, வெறுங்கால் பிள்ளைகள், தொங்கும் ஒயர். எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் வேலை வாங்குங்கள். இதில் சிக்கனம் வேண்டாம்.

குடில்

குடிலுக்குப் புல் முளைக்கப்போடுவது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை. இதில் நடக்கும் தவறு, முதல் ஞாயிறே போட்டுவிடுவது. கேழ்வரகோ நெல்லோ டிசம்பர் ஆரம்பத்தில் போட்டால் கிறிஸ்துமஸுக்குள் வளர்ந்து பழுத்துச் சாய்ந்துவிடும். பத்துப் பன்னிரண்டு நாள் போதும். ஒரு ராத்திரி ஊறவைத்து, துணியில் மூட்டை கட்டி, முளை கட்டியதும் மண்ணில் தூவுங்கள். முளைப்பாரி வளர்த்த பாட்டிகள் எந்த ஊரிலும் உண்டு. அவர்களில் ஒருவரை அழைத்துவந்து சொல்லித்தரச் சொன்னால் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள். ஒரே ஒரு வித்தியாசத்தை மட்டும் பாட்டியிடம் சொல்லிவிடுங்கள். முளைப்பாரியை இருட்டறையில் வளர்ப்பதால் அது வெளிர் மஞ்சளாக நீளும். குடிலுக்கு நமக்குப் பச்சை வேண்டும். அதனால் முளை வந்ததும் வெளிச்சத்தில் வைக்க வேண்டும். ஆர்வத்தில் வேளைக்கு ஒரு பிள்ளை தண்ணீர் ஊற்றி அழுகவைத்துவிடும். முறை போட்டு, தெளிக்க மட்டும் சொல்லுங்கள்.

மலைக்கும் குகைக்கும் பழைய சிமெண்டுச் சாக்கை உதறிப் பயன்படுத்துவதை விட்டுவிடுங்கள். அந்தத் தூள் ஈரக்கையில் பட்டால் தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. பழுப்புத் தாளைக் கசக்கி, பசையில் செம்மண்ணைக் கரைத்துப் பூசினால் அதைவிட நல்ல பாறை வரும். வைக்கோல் கூரைக்குப் பக்கத்தில் மெழுகுவத்தி வேண்டாம். பனிக்காகப் போடும் பஞ்சும் நொடியில் பற்றும். பெத்லகேம் குடிலுக்குப் பனி எதற்கு என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. நம் குடிலில் பனைமரம் நிற்கட்டும், ஓலை வேயட்டும், தாராளமாக.

ஒரு வருடம் நடந்தது மனதிலேயே நிற்கிறது. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் பிளாஸ்டிக் லாரியைக் கொண்டுவந்து, குடிலுக்குப் போகும் மணல் பாதையில் வைத்தான். அவனுடைய அப்பா லாரி ஓட்டுகிறார். பொறுப்பிலிருந்த ஒருவர், “இயேசு பிறந்தப்ப லாரி ஏதுடா?” என்று அதை எடுத்து ஜன்னல் மேல் வைத்துவிட்டார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டபோதுதான் சொன்னான்: “எங்கப்பா பண்டிகைக்கு வர முடியாது. லோடு ஏத்திட்டு வடக்க போயிருக்காங்க. அதான் லாரியக் கொண்டுவந்தேன்.” அன்று சாயங்காலமே லாரி பாதைக்குத் திரும்பியது.

புனித பிரான்சிஸ் அசிசியார் 1223-இல் கிரேச்சியோவில் குடில் அமைத்தது, பெத்லகேமில் நடந்ததை ஊர்மக்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். தீவனத் தொட்டி, வைக்கோல், உயிருள்ள மாடு, கழுதை. அந்த ஊர்க்காரர்களே சுற்றி நின்றார்கள். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரக் குடில்களில் மீன் விற்பவர், ரொட்டி சுடுபவர் எல்லாரும் உண்டு. நம் கொலுப்படியில் செட்டியார் கடை போடுவதில்லையா? அப்படித்தான். பிள்ளை எதைக் கொண்டுவந்தாலும், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

போட்டி வைப்பதிலும் இதே சிக்கல். அன்பியங்களுக்கிடையே குடில் போட்டி என்றால் வாடகைக்கு எடுத்த சுரூபமும் (சிலை) ஓடும் தண்ணீரும் சீரியல் லைட்டும்தான் முதல் பரிசு வாங்கும். பரிசு கொடுத்தே ஆக வேண்டுமென்றால், பிள்ளைகள் கையால் செய்த பொருள்களுக்கு மட்டும் மதிப்பெண் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

நாடகம்

வேடம் கொடுக்கும்போது நடக்கும் தவறைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாதாவுக்கும் சம்மனசுக்கும் (வானதூதர்) வெள்ளைத் தோல் உள்ள பிள்ளைகளைத் தேடுகிறோம். கறுத்த பிள்ளைகளுக்கு இடையர், ஏரோது மன்னனின் சேவகன், சாத்தான். யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் பிள்ளைகளுக்குத் தெரியும். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஒத்திகையின்போது என்னிடம் வந்து, “நான் பவுடர் நிறையப் போட்டுக்கிட்டா மாதாவா வரலாமா?” என்று கேட்டாள். அந்த வருடத்திலிருந்து எங்கள் பங்கில் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் வேடம். வசனம் அதிகம் உள்ள வேடத்துக்குக் குரல் பார்த்து எடுக்கிறோம், நிறம் பார்த்து இல்லை. முதல் தடவை முணுமுணுத்த பெற்றோர் உண்டு. விட்டுக்கொடுக்காதீர்கள்.

சம்மனசு இறக்கைக்குத் தெர்மாகோல் பயன்படுத்தினால் பக்கத்தில் மெழுகுவத்தியே வரக்கூடாது. பாலியஸ்டர் அங்கியும் அப்படித்தான், பற்றினால் உருகித் தோலில் ஒட்டும். கையில் பிடிக்கப் பேட்டரி விளக்கு கொடுங்கள். வசனத்தைச் சுருக்குங்கள், இருபது நிமிடத்துக்கு மேல் போனால் முன்வரிசைக் குழந்தைகள் எழுந்து ஓடத் தொடங்கிவிடும்.

கேரல்

வீடு வீடாகப் போவதற்கு முன்னால் அந்த வருடம் சாவு விழுந்த வீடுகள் எவை என்று அன்பியப் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வீடுகளில் நட்சத்திரம் தொங்காது, பலகாரம் இருக்காது. தெரியாமல் டிரம்ஸ் அடித்துக்கொண்டு போய் நிற்பது பெரிய வேதனை. அதற்காகத் தாண்டிப் போய்விடுவதும் சரியில்லை. முன்பே கேட்டு, அவர்கள் சம்மதித்தால் வாத்தியமில்லாமல் ஒரு பாட்டு, ஒரு ஜெபம். வீட்டோடு படுக்கையில் இருப்பவர்கள் உள்ள வீட்டிலும் அப்படியே. அங்கே காணிக்கைப் பெட்டியை நீட்டவே நீட்டாதீர்கள்.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் பிளாஸ்டிக் முகமூடியைக் கண்டு இரண்டு வயதுக் குழந்தை வீறிடும். போட்டோவுக்காகக் குழந்தையைத் தாத்தா கையில் திணிப்பார்கள். தாத்தா வேடம் போடும் தம்பியிடம், குழந்தை அழுதால் இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளச் சொல்லுங்கள். வேண்டுமென்றால் குழந்தை தானே வரும். சின்னப் பிள்ளைகளை எட்டு மணிக்குள் வீட்டில் விட்டுவிடுங்கள். வசூல் எவ்வளவு, எதற்குச் செலவானது என்று அடுத்த ஞாயிறே அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள், எழுதுவது இளையோரில் ஒருவராக இருக்கட்டும்.

முடிந்த பிறகு

குடிலை 26-ஆம் தேதியே பிரிக்க அவசரப்படாதீர்கள். குழந்தை இயேசுவைத் தேடிவந்த ஞானிகள் வந்து சேர்வதே ஜனவரி தொடக்கத்தில் வரும் திருக்காட்சி விழாவுக்குத்தான். எங்கள் பிள்ளைகள் மூன்று ஞானிகளையும் கோவில் வாசலில் தொடங்கி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிலை நோக்கி நகர்த்துவார்கள்.

நட்சத்திரத்தைத் தாளோடு சேர்த்துக் குப்பையில் எறிந்துவிடுகிறார்கள். தாளை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி உரித்தெடுத்தால் கூடு அடுத்த வருடத்துக்கு ஆகும். எலி கடிக்காத இடமாகப் பார்த்து உத்தரத்தில் மாட்டுங்கள். மாட்டுவதற்கு முன், கட்டிய பிள்ளைகளின் பெயரை உள்பக்கக் குச்சியில் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். நவம்பரில் கூட்டை இறக்கியதும் முதலில் ஓடிவந்து அந்தப் பெயரைத்தான் தேடுவார்கள்.