குழாய் இல்லாத ஏரிக்கரையில் இரண்டு ராத்திரி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் தேசிய வனத்துக்குள் இருக்கும் ஏரிகள் நிறைந்த காட்டுப் பகுதி பவுண்டரி வாட்டர்ஸ். அதன் ஏரிக்கரை முகாம்களில் இருப்பவை இரண்டே: கம்பித் தட்டு வைத்த இரும்பு அடுப்பு, காட்டுக்குள் கொஞ்சம் தள்ளிக் குழிக் கழிப்பறை. அதற்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை.

மே 1 முதல் செப்டம்பர் 30 வரை இரவு தங்க, முன்பதிவு அனுமதி எடுங்கள். ஒரு குழுவில் 9 பேர், 4 படகு, அவ்வளவுதான். டின்னுக்கும் கண்ணாடி பாட்டிலுக்கும் தடை. எண்ணெய், ஊறுகாய் எல்லாம் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறட்டும்.

பலர் சறுக்குவது சாப்பாட்டு மூட்டையில். கருங்கரடி நன்றாக மரம் ஏறும். மூட்டையை அடிமரத்தோடு சேர்த்துக் கட்டினால் அதற்குப் பந்தி வைத்த மாதிரி. தரையிலிருந்து 12 அடி, அடிமரத்திலிருந்து 6 அடி தள்ளித் தொங்க வேண்டும். 50 அடிக் கயிறு போதும். நுனியில் கல் போட்ட காலுறையைக் கட்டிக் கிளைக்கு மேலே வீசுங்கள், வெளிச்சம் இருக்கும்போதே. பற்பசை, சோப்பும் அதே மூட்டைக்குள். கிளை தேடி அலுத்தால் கரடி உடைக்க முடியாத டப்பாவே மேல்.

ஏரித் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும், நம்பாதீர்கள். வயிற்றுப்போக்கு தரும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி கண்ணுக்குத் தெரியாது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கட்டும். குளோரின் மாத்திரையை மட்டும் போட்டால், கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு ஒட்டுண்ணியை அது அசைக்காது. மெல்லிய இழைக்குழாய்கள் வழியே தண்ணீரை வடிக்கும் நுண்குழாய் வடிகட்டி உறைந்தால் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது. செப்டம்பர் குளிரில் அதைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொண்டு படுங்கள்.

விறகுக்கு, தரையில் விழுந்து காய்ந்த மணிக்கட்டுப் பருமன் கட்டைகள். அணைக்கும்போது தண்ணீர் ஊற்றிக் கிளறி, சாம்பலைக் கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் இன்னொரு வாளி.